இளம் கோல் காவலர் தம் தொழிலை அமைத்துக்கொள்வது எப்படி? கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

காற்பந்துக் குழுவில் தாக்குதல் ஆட்டக்காரர் சோபிக்கவில்லை என்றால் அறுபதாவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்துக்கொள்வார்கள். வலப்பக்கம் சரிப்படாதவரை இடப்பக்கம் போட்டுப் பார்ப்பார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கொடுத்து அவன் தாக்குப்பிடிக்கிறானா என்று சோதிப்பார்கள். கோல் காவலருக்கு இந்த வாய்ப்புகளில் எதுவும் இல்லை. ஒரு கிளப் மூன்று அல்லது நான்கு கோல் காவலர்களைப் பதிவுசெய்து வைத்திருந்தாலும் கம்பத்துக்கு நடுவே நிற்பவர் ஒருவர்தான். அவருக்குக் காயமோ சிவப்பு அட்டையோ நேராதவரை மற்றவர்கள் பயிற்சியில் விழுந்து எழுவதோடு சரி. இந்தத் தொழிலில் எடுக்க வேண்டிய முடிவுகள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன. எனவே செந்தூலிலோ காஜாங்கிலோ கிள்ளானிலோ கையுறையை மாட்டிக்கொண்டு திடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைக் கொண்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கும் நான் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே அதிக ஆட்டங்களில் நிற்க முடியுமோ அந்த இடத்தையே தேர்ந்தெடுங்கள், சட்டையில் இருக்கும் சின்னத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம்மவர்களுக்கு இந்த இடம் புதிதன்று. போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளாலும் பாய்ச்சலாலும் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கி, சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் பல ஆண்டுகள் காவல் நின்றார். 1980ஆம் ஆண்டு மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் அவரே. மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அங்கே விளையாடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் மறைந்தார். இன்றும் ஒரு தமிழ்ப் பையன் நல்ல பந்தொன்றைத் தட்டிவிட்டால் ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் அவருடைய பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வேறுபாடு, இன்று வழிகள் கூடியிருக்கின்றன, அவற்றோடு ஏமாறுவதற்கான இடங்களும் கூடியிருக்கின்றன என்பதே.

பதின்மூன்று முதல் பதினேழு வரை

இந்த வயதில் கதவுகள் பள்ளி வழியாகத்தான் திறக்கும். மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றத்தின் மாவட்ட, மாநிலப் போட்டிகளைத் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். அங்கிருந்து புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கும், 2014இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பகாங் மாநிலம் கம்பாங்கில் இயங்கும் மொக்தார் டஹாரி அகாடமிக்கும் பிள்ளைகள் போகிறார்கள். இவற்றில் இடம் கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் கதை முடிந்துவிட்டதாகப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. கோல் காவலர் மற்ற ஆட்டக்காரர்களைவிடத் தாமதமாகவே பக்குவப்படுகிறார், பதினான்கு வயதில் ஒருவர் எவ்வளவு உயரம் வளர்வார் என்பதை எந்தப் பயிற்றுநராலும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் நிக் போப்பைப் பதினாறு வயதில் இப்ஸ்விச் கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட்டது. அவர் பரி டவுன் என்ற சிறிய கிளப்பில் ஆடி, அங்கிருந்து சார்ல்டனுக்குப் போய், அந்தக் கிளப் இரவலாக அனுப்பிய கீழ்நிலைக் கிளப்புகளிலெல்லாம் நின்று, 2018 உலகக் கிண்ணத்துக்கான இங்கிலாந்துக் குழுவில் இடம் பிடித்தார். அவரைக் காப்பாற்றியது அந்தச் சிறிய கிளப்புகளில் வாராவாரம் கிடைத்த ஆட்டங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

பதினைந்து பதினாறு வயதுவரை வாரத்தில் ஒரு நாளாவது நடுத்திடல் ஆட்டக்காரராக விளையாடுவது நல்லது. 1992இல் பின்னோக்கித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாதென்ற விதி வந்ததிலிருந்து கோல் காவலரின் கால் முக்கியமாகிக்கொண்டே வந்தது. 2019இல் கோல் உதையைப் பெனால்டிப் பகுதிக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கலாமென்று விதியைத் தளர்த்திய பிறகு, எதிரணியினர் நெருக்கும்போதும் இரண்டு கால்களாலும் நிதானமாகப் பந்தைக் கொடுக்கத் தெரியாதவரைத் தேர்வாளர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

அடிப்படைப் பயிற்சியில் நான் முதலில் வைப்பது பாய்ச்சலை அன்று, பாய்வதற்கு முந்தைய கணத்தை. எதிரணியின் பாதம் பந்தில் படும் அந்த நொடியில் கோல் காவலரின் இரண்டு பாதங்களும் தரையில் இருக்க வேண்டும். உடல் எடை முன்பாதத்தில் தங்கியிருக்க, கைகள் இடுப்பு உயரத்தில் உடலுக்கு முன்னால் இருக்க வேண்டும். பெரும்பாலான இளைஞர்கள் அந்தக் கணத்தில் ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது சின்னதாகத் துள்ளிக்கொண்டு காற்றில் இருப்பார்கள். தரையைத் தொட்ட பிறகுதான் அவர்களால் எம்ப முடியும், அதற்குள் பந்து வலைக்குள் போயிருக்கும். பார்ப்பவர்களோ பையனுக்குக் கை எட்டவில்லை என்று சொல்லிவிடுவார்கள். இதைச் சரிபார்ப்பதற்குச் செலவேதும் ஆகாது. கோலுக்குப் பின்னால், வலைக்கு வெளியே, கைப்பேசியை ஒரு பையின்மேல் சாய்த்து வைத்துப் பதிவுசெய்யுங்கள். நண்பரைப் பெனால்டிப் பகுதியின் விளிம்பிலிருந்து மாறி மாறி உதைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் உதையிலும் கால் பந்தைத் தொடும் இடத்தில் காட்சியை நிறுத்திப் பாதங்களை மட்டும் பாருங்கள். ஒரு மாதம் இதைத் தொடர்ந்து செய்தவருடைய உயரம் கூடியிருக்காது, ஆனால் எட்டாத பந்துகள் எட்டத் தொடங்கியிருக்கும்.

நம் ஊரின் மாலை மழையையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நனைந்த பந்தை மார்போடு அணைக்க முடியாது என்று தெரிந்தால் அதைப் பக்கவாட்டில், கம்பத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும்; நேர் முன்னால் தட்டிவிடப்பட்ட பந்து எதிரணியின் காலுக்குப் போய்ச் சேரும். கையுறையின் உள்ளங்கை லேட்டெக்ஸ் ஆட்டத்துக்கு முன் சற்று ஈரமாக இருந்தால்தான் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் காயப்போட்டால் வெடித்து உதிர்ந்துவிடும். பயிற்சிக்கு ஒரு பழைய சோடியும் ஆட்டத்துக்கு ஒரு நல்ல சோடியும் இருந்தால் போதும். இடிச் சத்தம் கேட்டால் மட்டும் எந்தப் பயிற்றுநர் என்ன சொன்னாலும் திடலை விட்டு வெளியேறிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் நம்முடையதும் ஒன்று, இரும்புக் கம்பத்தின் அருகே நிற்பவரும் நீங்கள்தான்.

குரலையும் இந்த வயதிலேயே பழக்க வேண்டும். பந்தை எடுக்க வெளியே வரும்போது 'கீப்பர்!' என்றும், தற்காப்பு ஆட்டக்காரர் அதை உதைத்து வெளியேற்ற வேண்டுமென்றால் 'அவே!' என்றும் அடிவயிற்றிலிருந்து, ஒரே சொல்லாக, முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசிப் பழகிய கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் இதில் பின்தங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க் குழுக்களின் உடைமாற்றும் அறையில் புழங்கும் மொழி மலாய். தன்னைவிடப் பத்து வயது மூத்த தற்காப்பு ஆட்டக்காரரை மலாயில் மரியாதையோடும் அதே சமயம் தயக்கமின்றியும் அதட்டத் தெரிவது கோல் காவலரின் வேலையில் பாதி.

எந்தக் கிளப்பில் சேர்வது?

பதினேழு முதல் இருபத்தொன்று வரையிலான ஆண்டுகளே தொழிலை நிர்ணயிக்கின்றன. முதலில் சொன்ன கணக்கு இங்கேதான் கடுமையாக வேலை செய்யும். நாட்டின் முதல் நிலை லீக்கான சூப்பர் லீக்கின் கிளப்புகளுடைய இளையோர் குழுக்களுக்குப் பிரசிடென்ட் கிண்ணம் இருக்கிறது. அடுத்த நிலைக் குழுவுக்கு 2023இல் தொடங்கிய எம்.எஃப்.எல். கிண்ணம் இருக்கிறது, அவற்றுக்கு வெளியே 2024இல் தொடங்கிய ஏ1 அரைத்தொழில்முறை லீக்கும் அதற்குக் கீழே சமூக லீக்குகளும் இருக்கின்றன. பையனுக்குப் பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்தால் வீடே கொண்டாடும், உறவினர்கள் தொலைபேசியில் வாழ்த்துவார்கள். கொண்டாடுவதற்கு முன் கிளப்பிடம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: இப்போதைய முதல் கோல் காவலருக்கு வயது என்ன, அவருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது, இரண்டாமவர் யார், வெளிநாட்டுக் கோல் காவலரைக் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறதா, முழுநேரக் கோல் காவலர் பயிற்றுநர் இருக்கிறாரா, வார இறுதியில் எங்கள் பையன் எந்தக் குழுவின் எந்த ஆட்டத்தில் நிற்பான், ஆறு மாதத்தில் வாய்ப்பு வராவிட்டால் இரவலாக வேறு கிளப்புக்கு அனுப்புவீர்களா. இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லும் கிளப்பை நம்பலாம். 'திறமை இருந்தால் வாய்ப்பு தானாக வரும்' என்று பொதுவாகச் சொல்பவர்கள் பயிற்சியில் எண்ணிக்கைக்கு ஓர் ஆளைத் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டவரைப் பற்றிய கேள்வியை வீண் அச்சம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2021இல் கோலாலம்பூர் சிட்டி குழு ஜொகூர் டாருல் தாக்சிமை 2-0 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது அதன் கோல் காவலர் பிலிப்பீன்ஸ் நாட்டின் கெவின் ரே மெண்டோசா. அவர் சிறந்தவர் என்பதில் ஐயமில்லை. அவருக்குப் பின்னால் அமர்ந்திருந்த உள்ளூர் இளைஞர்களுக்கு அந்த ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் கிடைத்திருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். மறுபக்கம், 2010இல் கே. ராஜகோபாலின் பயிற்சியில் மலேசியா ஆசியான் கிண்ணத்தை வென்றபோது கோலில் நின்ற கைருல் ஃபாமி சே மாட்டுக்கு வயது இருபத்தொன்று. ஜகார்த்தாவில், நாடே எதிர்த்து முழங்கிய அரங்கில், இந்தோனேசியத் தலைவர் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியை அவர் தடுத்தார். அவர் திடீரென்று முளைத்தவர் அல்லர். அதே ஆண்டில் மலேசியக் கிண்ணத்தை வென்ற கிளந்தானின் கோல் காவலர். பெரிய ஆட்டத்தில் கை நடுங்காமல் இருக்க அதற்கு முன் பல ஆட்டங்களில் நடுங்கித் தீர்த்திருக்க வேண்டும்.

எனவே ஏ1 லீக் கிளப்பில் முதல் கோல் காவலர், சூப்பர் லீக் கிளப்பில் நான்காம் கோல் காவலர் என்று இரண்டு வாய்ப்புகள் வந்தால் பத்தொன்பது வயதுக்காரர் முன்னதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சம்பளம் குறைவாக இருக்கும், திடல் மேடுபள்ளமாக இருக்கும், பார்வையாளர் வரிசையில் ஆள் இருக்காது. ஆனால் மோசமான திடலில் முப்பது ஆட்டங்கள் நின்றவருக்குப் பந்து எப்படியெல்லாம் எழும்பும் என்பது தெரிந்திருக்கும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மீஃபாவின் குழு கீழ்நிலையிலிருந்து ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியது நினைவிருக்கலாம். அது இன்று லீக்கில் இல்லை என்றாலும், சிறிய குழுவின் வழியாக மேலே வர முடியும் என்பதற்கு நம் கண்முன் நடந்த சான்று அது.

கிளப்புகளுக்கு அனுப்பும் காணொளியைப் பற்றி ஒரு சொல். பாய்ந்து பிடித்தவற்றை மட்டும் வெட்டி ஒட்டி, இசை சேர்த்து அனுப்பாதீர்கள். இரண்டு முழு ஆட்டங்களை அனுப்புங்கள், கோல் விட்டவையும் அவற்றில் இருக்கட்டும். கோல் விழுந்த அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் எப்படி நிற்கிறீர்கள் என்பதைத்தான் அனுபவமுள்ள கோல் காவலர் பயிற்றுநர் முதலில் பார்ப்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

நம் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். மலேசியச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும். ஃபிஃபா விதிப்படி அந்த வயதினரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது, பெரியவர்களுக்கு ஐந்து ஆண்டு. மூன்றாண்டு ஒப்பந்தம் பாதுகாப்பாகத் தோன்றினாலும், இரவலாகப் போகும் வாய்ப்பு அதில் எழுதப்படாவிட்டால் அது மூன்றாண்டு உட்கார்ந்திருப்பதற்கான ஒப்பந்தமாகவும் ஆகிவிடக்கூடும். அடிப்படைச் சம்பளம், வெற்றி ஊக்கத்தொகை, தங்குமிடம், காயமுற்ற காலத்தில் சம்பளம் தொடருமா, அறுவைச் சிகிச்சைக்கும் அதற்குப் பிந்தைய மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் யார் பணம் கட்டுவது ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். முழங்கால் தசைநார் அறுந்தால் திரும்பி வர ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும்; அந்த ஒன்பது மாதத்துக்கு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று கையெழுத்திடும் முன்பே படித்துவிடுங்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு இரண்டு நாள் தர மறுக்கும் கிளப், பிறகு சம்பளத்துக்கு எத்தனை நாள் கேட்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சம்பளப் பாக்கி என்பது இந்நாட்டுக் காற்பந்தின் தீராத நோய். மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் பாக்கிச் சிக்கலால் 2023 பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் வெளியேறியதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கோடு சேர்த்து ஊழியர் சேமநிதிக் கணக்கையும் கைப்பேசிச் செயலியில் திறந்து பாருங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கான 11 விழுக்காடு பிடிக்கப்பட்டிருந்தால் அதுவும், ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய 13 விழுக்காடும் அங்கே வந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டுச் சேமநிதியில் செலுத்தாமல் விடும் கிளப், முழுச் சம்பளத்தையும் நிறுத்துவதற்கு வெகுநாள் ஆகாது. சிக்கலின் முதல் அறிகுறி பெரும்பாலும் இந்தச் செயலியில்தான் தெரியும். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் உங்கள் பதிவையும் அப்படியே சரிபார்க்க வேண்டும்.

இரண்டு மாதச் சம்பளம் சட்டத்துக்குப் புறம்பாக நிலுவையில் இருந்தால், கிளப்புக்கு எழுத்து மூலம் குறைந்தது பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடந்தருகிறது. ஆயினும் கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் நின்றுவிடாதீர்கள், அது உங்கள் பக்கத்தைப் பலவீனப்படுத்தும். முதலில் மலேசியத் தொழில்முறைக் காற்பந்தாளர் சங்கத்தை அணுகுங்கள். உறுப்பினராக முன்பே சேர்ந்திருப்பது இன்னும் நல்லது.

முகவர்கள் விஷயத்தில் ஒரே சோதனை போதும்: ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று பாருங்கள், முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான முகவர் நீங்கள் சம்பாதிப்பதிலிருந்து பங்கு பெறுபவர். ஐரோப்பாவில் தேர்வு, விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் இத்தனை ஆயிரம் ரிங்கிட் என்று வரும் அழைப்புகள் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் அடிக்கடி பேசப்படுகின்றன. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆட்டக்காரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டின் கிளப்புக்கு மாற்ற, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா அனுமதிப்பதில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு வெளிநாட்டு ஒப்பந்தம் வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால் அவருக்கு அந்த விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாதென்று நம்புகிறார்.

உடலும் படிப்பும்

விரல்களைக் காப்பாற்றுங்கள். நுனி விரலில் பந்து பட்டு, அந்த நுனி தானாக நிமிராமல் தொங்கினால், அதை இழுத்துவிட்டுக் கட்டுப்போட்டு ஆடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ சற்றுமுன் நடந்தது நினைவில் இல்லை என்றாலோ அன்றைய ஆட்டம் முடிந்தது. ஆடியே தீருவேன் என்று பையன் சொன்னாலும் பெற்றோர் ஒப்புக்கொள்ளக் கூடாது.

விதிகள் மாறுவதையும் கவனித்து வர வேண்டும். 2025 ஜூலை முதல் கோல் காவலர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை கிடைக்கிறது. கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். பெனால்டியின்போது உதைக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின்மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். பயிற்சியிலேயே இவற்றைக் கடைப்பிடிக்காதவர் ஆட்டத்தில் மாட்டிக்கொள்வார்.

எஸ்.பி.எம். தேர்வை விட்டுவிடாதீர்கள். பிள்ளை பெரிய ஆட்டக்காரராக வந்துவிட்டால் அந்தச் சான்றிதழ் தேவைப்படாது என்பது பெற்றோர் சிலரின் வாதம். ஆனால் கோல் காவலரின் தொழில் நீண்டது. 1986இல் பிறந்த ஃபரிசால் மார்லியாஸ் முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் ஜொகூருக்கு ஆடினார். இருபதுகளின் தொடக்கத்தில் ஆட்டம் குறைவாகக் கிடைக்கும் ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலோ வேறெதுவோ படித்துக்கொண்டே அரைத்தொழில்முறைக் கிளப்பில் நிற்பது முற்றிலும் நடக்கக்கூடிய காரியம். புக்கிட் ஜாலிலைத் தலைமையகமாகக் கொண்ட ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு கோல் காவலர் பயிற்றுநர்களுக்கென்று மூன்று நிலை உரிமங்களை வைத்திருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே முதல் நிலையை முடிப்பவருக்கு வார இறுதி அகாடமிகளில் வேலை கிடைக்கும், அந்த வருமானம் சம்பளம் தாமதமாகும் மாதங்களில் கைகொடுக்கும்.

ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேச உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே பயிற்றுநரிடம் அடுத்த பருவத்தில் உங்கள் இடம் என்ன என்று நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அந்தப் பருவத்தின் முழு ஆட்டக் காணொளிகளையும், விளையாடிய நிமிடங்களின் பட்டியலையும், கிளப்புகளில் பதிவான ஆண்டுகளின் விவரத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து, கோல் காவலர் தேவைப்படும் கிளப்புகளுக்கு அனுப்பத் தொடங்குங்கள்.